ஓவாப் பிணியும் தமிழ்ப் பெயர்மரபும்

1. தோற்றுவாய்

நோய்களுக்கும் உடற்குறைகளுக்கும் தமிழர் இட்டு வழங்கிய பெயர்கள் பலவாம். சித்த மருத்துவ மரபு நோய்களை 4448 எனத் தொகை செய்து கூறும். அகராதிகள் அப்பெயர்களுக்குப் பொருள் உரைத்துள்ளன. ஆயின், ஒரு நோய்ப்பெயர் அந்நோயுற்றாரை எத்தகையர் என்று பிறர் கருதுமாறு செய்கின்றது? நோயின் இயல்பை எவ்வளவிற்கு உணர்த்துகின்றது? உற்றார் செய்யத்தக்கது யாதென்று காட்டுகின்றதா, மறைக்கின்றதா? இவ்வினாக்களை மருத்துவர்க்கே விட்டு மொழிநூலார் ஒதுங்குதல் பொருந்தாது. சொல்லின்கண் உள்ள குறையைச் சொல்லறிந்தாரே எடுத்துக்காட்டல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்குச் சத்தியமங்கலம் தக்கதோர் இடமாகும். 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, இப்பொழுது ஈரோடு மாவட்டத்துள் அடங்கிய அவ்வூர், பவானியாற்றின் கரையில் அமைந்துள்ளது. ஊரைச் சூழ்ந்த சமவெளியில் வழங்குவது கொங்குத் தமிழ். வடக்கே 27 கொண்டை ஊசி வளைவுகளையுடைய திம்பம் மலைப்பாதையில் ஏறிச் சென்றால், கன்னடமும் தமிழும் கலந்து வழங்கும் தாளவாடிப் பகுதியும், இருளர், சோளகர், ஊராளி ஆகிய பழங்குடியினர் வாழும் சிற்றூர்களும் உள்ளன. சமவெளி மக்கள் ‘சர்க்கரை’, ‘கொதிப்பு’ என்று கூறிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு வருகின்றனர். மலைவாழ்நர் தம் மொழியில் தாம் உற்ற வலியைக் கூறிக்கொண்டு வருகின்றனர். மருத்துவரோ இருசாரார்க்கும் ஆங்கிலத்தினின்று பெயர்த்த ஒரு பெயரை எழுதித் தருகின்றார். இம்மூன்று பெயரீட்டு முறைகளும் எதிர்ப்படும் இடத்தில் நின்று, தமிழின் பழைய பெயர்மரபையும் இற்றை வழக்கையும் ஒருங்குவைத்து நோக்குவாம்.

2. உறுப்பின் கிளவி

தொல்காப்பியர் கிளவியாக்கத்துள், உயர்திணைப் பொருளைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் பெயர்களைத் தொகுத்துக் கூறுகின்றார். அத்தொகையுள் உறுப்பின் கிளவி என்பதும் ஒன்று. உரையாசிரியர்கள் இதற்குக் குருடு, முடம் போன்ற சொற்களை எடுத்துக்காட்டுவர். கண்ணில்லாத மகன் ஒருவன் வந்தானாகவும், ‘குருடு வந்தது’ என்பதே அம்மரபின்வழி அமையும் தொடராம். வந்தவன் உயர்திணை; வந்தது என்னும் வினையோ அஃறிணை. ஒருவனிடத்து உள்ள குறையின் பெயர் அவன் பெயராகி, அவனுடைய திணையையும் மாற்றிவிடுகின்றது.

இதுகொண்டு தொல்காப்பியர் உறுப்புக்குறை உடையாரை இழித்துரைத்தார் என்று கூறுதல் சாலாது. அந்நூற்பாவிலேயே அரசு, விருந்து, குழவி என்பனவும் எண்ணப்பட்டுள்ளன. அரசனும் விருந்தினனும் குழந்தையும் எவராலும் இகழப்பட்டாரல்லர். பண்புப்பெயரோ பொருட்பெயரோ மக்கள்மேல் நிற்கும்பொழுது சொல்லின் வடிவை நோக்கி முடிபு கொள்ளும் என்பதே ஆசிரியர் கருத்து. அவர் வழக்கை உரைத்தார். விதி வகுத்து எவரையும் தாழ்த்தினாரல்லர்.

எனினும் ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. அரசு என்பது அரசர் என்றாகி உயர்திணை வடிவு பெறுங்கால் பெருமை கூடுகின்றது. குருடு என்பது குருடன் என்றாகி உயர்திணை வடிவு பெற்றபோதும் இகழ்ச்சி நீங்கிற்றில்லை. ஆகலான் திணை ஒன்றைத் திருத்துவதால் மட்டும் பெயர் திருந்தாது. பெயரின் முதனிலையே குறையாக நிற்பின், விகுதி எதுவாயினும் ஆள் முழுவதும் அக்குறையே என்னும் பொருள் தோன்றும். இடர் விகுதியில் இல்லை, பகுதியில் உள்ளது.

இப்பெயர்கள் இலக்கியத்துள் எவ்வாறு ஆளப்பட்டுள்ளன என்பதையும் காண்பாம். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28-ஆம் பாட்டு, மக்கட்பிறப்பிற்கு உரிய குறைகளை எட்டாகத் தொகுத்து ‘எச்சம்’ எனப் பெயரிடுகின்றது. கண்ணின்மை, செவியின்மை, பேச்சின்மை, கூன், குறுவடிவு, உருவமையாத பிண்டம், விலங்குபோலும் தன்மை, அறிவுமயக்கம் என்பன அவற்றின் பொருளாம். அறம் பொருள் இன்பம் மூன்றையும் ஆற்றுதற்கு உரிய நற்பிறப்பு அரசனுடையது என்று வற்புறுத்துவதே புலவர் நோக்கம். அதற்காக இவ்வெண்மரையும் பயனிலர் என்று ஒதுக்கிக் காட்டுகின்றார். அரசனை அறத்தின்பால் தூண்டுதற்கு உவமைப்பொருளாக நின்றவர்கள், அவ்வறத்தைப் பெறுவோராக அப்பாட்டில் எண்ணப்படவில்லை. பாட்டின் அறிவுரை சிறந்ததே. அதற்கு அடியாகக் கொண்ட கணக்கு குறையுடையது என்பதே எம் கருத்து.

இக்கணக்கை மறுக்கும் சான்று தமிழிலேயே உண்டு. சிலப்பதிகார வழக்குரை காதையில் பாண்டிமாதேவி அரசன்பாற் செல்லுங்கால் உடன் சூழ்ந்து சென்றோருள் கூனரும் குறுவடிவினரும் பேசாதவரும் உளர். அவர்கள் அரண்மனையில் தொழில் பெற்றவர்கள். புறப்பாட்டு எவரைப் பயனிலர் என்றதோ அவரே ஈண்டு ஏவல் செய்து வாழ்கின்றனர். குறள் என்னும் சொல் ஒன்றே சான்று கூறப் போதும். குறுகிய வடிவினர்க்கும் அதுவே பெயர். தமிழர் தலைமேற் கொண்டு போற்றும் ஈரடி நூலுக்கும் அதுவே பெயர். சொல்லில் இயல்பாகவே இழிவு குடியிருக்குமாயின் நூற்பெயராக அஃது அமைந்திராது. இழிவு வழக்கினால் ஏறுவது.

மணிமேகலை வேறொரு வழியைக் காட்டுகின்றது. ஆபுத்திரன் மதுரையில் சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் இரந்து பெற்ற உணவைக் குறையுற்றார்க்கு ஊட்டிப் பின் தான் உண்டான் என்பது கதை. அங்குக் கண்ணில்லாதவரைக் ‘காணார்’ என்றும், செவியில்லாதவரைக் ‘கேளார்’ என்றும் சாத்தனார் குறிக்கின்றார். இவை எதிர்மறை வினையாலணையும் பெயர்கள். காண்டல் என்னும் ஒரு தொழில் நிகழவில்லை என்பதற்குமேல் காணார் என்னும் சொல் எதுவும் கூறுவதில்லை. அவர் கேட்பார், பேசுவார், நடப்பார், நினைப்பார். குறை தன் எல்லைக்குள் நிற்கின்றது. ஆள் அதற்கு வெளியே முழுமையாக நிற்கின்றார். பலர்பால் விகுதியும் உடன் வருகின்றது. மேலும், உறுப்புக்குறை உடையாரோடு நோயால் நடுங்குவாரையும் பேணுவார் இல்லாதாரையும் ஒரே வரிசையில் வைத்துப் புலவர் எண்ணுகின்றார். நோயும் குறையும் வெவ்வேறாயினும், பேணுவார் இன்மையால் விளையும் துன்பம் ஒன்றே என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகின்றது. உலக நலவாழ்வு அமைப்பு 2001-இல் வெளியிட்ட வகைப்பாடு, இயலாமை என்பது உடலால் மட்டும் அமைவதன்று, சூழலோடு உடல் கொள்ளும் தொடர்பால் அமைவது என்று கூறியது. சாத்தனாரின் வரிசை அக்கருத்திற்கு அயலானதன்று.

இவ்வழி இன்றும் பேச்சுவழக்கில் உயிரோடு உள்ளது. ‘அவருக்குக் கண் தெரியாதுங்க’, ‘காது கேக்காதுங்க’ என்பதே கொங்குநாட்டில் மதிப்போடு பேசுவோர் கூறும் முறை. இது காணார், கேளார் என்னும் பழைய வழியின் தொடர்ச்சியாம்.

3. வந்து போகும் நோயும் ஓவாப் பிணியும்

பிணி என்னும் பெயர்க்குப் பிணித்தல் என்னும் வினை அடியாகும். கட்டி நிற்பது பிணி. விரைவில் வந்து விரைவில் நீங்கும் நோயைவிட, நெடுங்காலம் ஒருவரைக் கட்டி நிற்கும் நோய்க்கே இப்பெயர் மிகப் பொருந்தும். திருவள்ளுவர் ‘ஓவாப் பிணி’ என்று ஒரு சொற்றொடரை ஆண்டுள்ளார். ஓவுதல் ஒழிதல், ஓவாப் பிணி ஒழியாது நிற்கும் பிணி. இக்கால மருத்துவர் நாட்பட்ட நோய் என்பதை இதனினும் செவ்விதாகக் கூறல் அரிது.

இத்தொடர் எவ்வதிகாரத்தில் வருகின்றது என்பது சிந்திக்கத்தக்கது. மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்துள் அஃது இல்லை. அவ்வதிகாரம் அளவறிந்து உண்ணல், நோயின் முதல் நாடல், மருத்துவன் கடமை என்பவற்றைக் கூறி, உற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் நான்கு உறுப்புக்களோடு முடிகின்றது. ஓவாப் பிணியோ நாடு என்னும் 74-ஆம் அதிகாரத்துள் வருகின்றது. மிக்க பசியும் ஓவாப் பிணியும் அழிக்கும் பகையும் சேராமை நாட்டிற்கு இலக்கணம் என்பது அங்குக் கூறப்படும் கருத்து. ஒழியாத நோயைத் தனியொருவன் குற்றமாகவோ வினைப்பயனாகவோ வைக்காமல், பசியோடும் பகையோடும் நிறுத்தி நாட்டின் பொறுப்பாக வள்ளுவர் வைத்தார் என்பது இவ்வைப்புமுறையால் போதரும்.

ஆயினும் மக்கள் வழக்கில் வந்து போகும் நோய்க்கே சொல்வளம் மிகுதி. சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரியே இதற்குச் சான்று. மாரியம்மனுக்குப் பங்குனித் திங்களில் குண்டம் நிகழும் அவ்வூர்க் கோயிலில் திருநீற்றுக்கு மாறாகப் புற்றுமண் வழங்கப்படுகின்றது. பெரியம்மை கண்ட காலத்தில் தமிழர் அதனை நோய் என்று கூறாமல் அம்மை என்றனர்; கொப்புளத்தை முத்து என்றனர்; ஆத்தா வந்திருக்கிறாள் என்றனர்; தண்ணீர் ஊற்றி வழியனுப்பினர். வருகை, தங்கல், வழியனுப்பல் என நோய் முழுவதையும் விருந்தின் சொற்களால் அமைத்தனர். நோயுற்றார் இகழப்படாமல் காக்கப்பட்டமைக்கு அச்சொற்கள் துணைநின்றன. பெரியம்மை இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு நின்றது. உலகினின்றும் ஒழிந்தது என 1980-இல் அறிவிக்கப்பட்டது. விருந்தாக வந்தது மீளாது சென்றுவிட்டது, சொற்கள் எஞ்சியுள்ளன.

ஓவாப் பிணிக்கு இத்தகைய சொற்கள் அமையாமைக்குக் காரணம் உண்டு. பழங்காலத்தில் அத்தகைய நோய்களுள் பல நெடுநாள் நின்றனவல்ல, விரைந்து கொன்றன. 1921-இல் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்டு என்பார் இன்சுலினைக் கண்டறியும்வரை, இளமையில் தோன்றும் நீரிழிவு உயிர்கொல்லும் நோயாகவே இருந்தது. மருந்து வந்தபின் அந்நோய் நீங்கவில்லை. நோயோடு வாழ்தல் இயல்வதாயிற்று. கொல்லும் நோயை உடன்வாழும் நோயாக்கியது இக்கால மருத்துவம். ஆகவே இதற்கு உரிய சொற்களை இனித்தான் மொழி ஆக்கிக்கொள்ளல் வேண்டும். தீராத நோய் என்னும் பெயர் அதற்கு உதவாது. தீராது என்று கேட்டவன் மருந்தால் பயனில்லை என்று எண்ணி விடுகின்றான். தீராமை வேறு, அடங்காமை வேறு. தீராதெனினும் அடங்கும் என்பதைப் பெயர் உணர்த்தாவிடின், பெயரே நோய்க்குத் துணையாகின்றது.

4. சமவெளியில் வழங்கும் பெயர்கள்

நீரிழிவு என்பது நல்ல பழஞ்சொல். இழிதல் என்பது இறங்குதல். மலையினின்றும் அருவி இழியும் என்பது வழக்கு. நீர் மிகுதியாக இறங்கிச் செல்லும் நோய் நீரிழிவு. ‘டயாபிட்டீசு’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடு கடந்து செல்லுதல் என்னும் பொருளினதே. இருமொழியாரும் ஒரே அறிகுறியைக் கண்டு ஒரே வகையில் பெயரிட்டனர் என்பது வியத்தற்குரியது. ஆயின், இற்றைத் தமிழில் இழிவு என்பதற்குத் தாழ்வு என்னும் பொருளே முற்பட்டுத் தோன்றுகின்றது. பெயரின் பொருள் மறைந்து, அயற்பொருள் ஒன்று ஏறிவிட்டது. மேலும், இந்நோய் பலரிடம் அறிகுறி காட்டாமலே ஆண்டுகள் பல நிற்கும். அறிகுறியால் அமைந்த பெயர் அறிகுறியில்லாத நிலையைச் சுட்ட மாட்டாது.

சர்க்கரை நோய் என்னும் பெயர் குருதியில் மிகும் பொருளைச் சுட்டுவது. கேட்போரோ அதனை உண்ணும் சர்க்கரை எனக் கொள்கின்றனர். சர்க்கரையை விலக்கினோம் என்று அமைந்து, சோற்றின் அளவைப் பற்றியும் நடை, மருந்து என்பன பற்றியும் கருதாது விடுதற்கு அப்பெயர் இடந்தருகின்றது.

இரத்தக் கொதிப்பு என்பதில் கொதிப்பு வெம்மையையும் சினத்தையும் உணர்த்தும். சினமில்லாதவர் தமக்கு அந்நோய் இல்லை என்று துணிகின்றார். மருத்துவர் கூறும் இந்நிலையில் சூடும் இல்லை. பெரும்பாலும் வலியும் இல்லை. இதனை நீக்குதற்கு வந்த இரத்த அழுத்தம் என்னும் பெயர் வேறொரு குறை உடையது. குருதியின் அழுத்தம் உயிருள்ளார் அனைவர்க்கும் உண்டு. 140/90 என்னும் அளவை எட்டியும் கடந்தும் நிற்கும் உயர் அழுத்தமே நோய். உயர் என்னும் அடைமொழியை விடுத்து, ‘எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது’ என்று கூறுவது, ‘எனக்கு மூச்சு இருக்கிறது’ என்று கூறுவதனோடு ஒக்கும். சிறிய அடைமொழி ஒன்று உதிர்ந்தமையால், அளந்து பார்த்தல் என்னும் செயலும் மனத்தினின்று உதிர்கின்றது.

இவற்றினின்று நாம் பெறும் அளவைகள் மூன்று. ஒரு பெயர் ஆளை முழுவதும் விழுங்காதிருத்தல் வேண்டும். நோயின் இயல்பை உணர்த்துதல் வேண்டும். செய்யத்தக்கதை நோக்கிக் கேட்போரைச் செலுத்துதல் வேண்டும். தமிழ்நாட்டரசு 2021 ஆகத்து 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின் பெயர் மூன்றாவது அளவையில் சிறந்து நிற்கின்றது. நீரிழிவும் உயர் அழுத்தமும் உடையார்க்கு வீட்டிற்கே மாத்திரை கொண்டு தருதல் அத்திட்டத்தின் ஒரு கூறு. நோயாளி மருத்துவரைத் தேடுவது உலக வழக்கு. அதனை மாற்றி வைத்த அளவிலேயே பெயர் செயலைக் கூறிவிடுகின்றது. ஓவாப் பிணியை நாட்டின் பொறுப்பாக்கிய வள்ளுவர் கருத்திற்கும் அஃது இயைபுடையது.

5. சட்டம் இட்ட பெயர்கள்

ஊனமுற்றோர் என்னும் பெயரை விலக்கி, மாற்றுத்திறனாளிகள் என்னும் பெயரைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றது. ஆளி என்னும் இறுதி நிலை உயர்திணைக்கே உரியது. உழைப்பாளி, போராளி என்பன காண்க. முதல் அளவையின்படி இப்பெயர் பழைய பெயரினும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஊனம் என்னும் பகுதி நீங்கித் திறன் என்னும் பகுதி வந்தது. இவ்வளவில் இதனைப் போற்றுவாம்.

இனி ஒரு தடை எழும். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் குறைகளை ஏழு வகையாகக் கொண்டது. 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்பிரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கூறுகின்றது. குருதியுறையாமை, தலசீமியா, அரிவாள் அணுச் சோகை ஆகிய குருதி நோய்களும் அவற்றுள் அடங்கும். பார்கின்சன் நோய் போன்ற நெடுநாள் நரம்பு நோய்களும் அடங்கும். எலும்பு வலியால் துடிக்கும் குழந்தையை மாற்றுத்திறனாளி என்றவழி, அக்குழந்தையின் மாற்றுத் திறன் யாது? ஒரு திறன் இன்மையை வேறொரு திறனால் ஈடுசெய்து காட்டினாலன்றி மதிப்பில்லை என்னும் குறிப்பு அப்பெயருள் மறைந்து நிற்கின்றது. மதிப்புத் திறனுக்கு உரியதன்று, மக்கட்பிறப்பிற்கு உரியது. மேலும், அச்சட்டம் சில உரிமைகளுக்கு 40 விழுக்காடு என்னும் அளவை வகுத்துள்ளது. இழந்த காலை அளக்கலாம். வந்து வந்து போகும் வலியை நூற்றின் கூறாக அளத்தல் எளிதன்று. ஓவாப் பிணியை உறுப்புக்குறையின் சொல்லால் மூடியதனால் விளைந்த இடர் இது.

அச்சட்டத்தில் தொழுநோய் நீங்கப்பெற்றவர் என்னும் வகையும் உண்டு. நோய் நீங்கியும் பெயர் நீங்காமையை அதனுட் காண்கின்றோம். பெருநோய், குட்டம், தொழுநோய் எனப் பெயர்கள் மாறி வந்தன. ஒவ்வொரு புதுப்பெயரையும் பழைய வெறுப்புப் பின்தொடர்ந்தது. அந்நோயை வென்றது உலக நலவாழ்வு அமைப்பு 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையே. ஆகலான் வெறுப்பை மூடிமறைத்தற்கு மட்டும் இடும் பெயர் நிலைபேறு உடையதன்று. அறிவைத் தரும் பெயரே நிலைபெறும்.

6. மலையின் பிணி

மேற்கூறிய மூன்று அளவைகளையும் ஒருங்கே வேண்டி நிற்பது அரிவாள் அணுச் சோகையாம். சிக்காகோ நகர மருத்துவர் சேம்சு எரிக்கு என்பார் 1910-இல் அந்நோயுற்றார் ஒருவரின் குருதியில் அரிவாள்போல் வளைந்த செவ்வணுக்களை நுண்பெருக்கியிற் கண்டு வெளியிட்டார். 1949-இல் லைனசு பாலிங்கும் அவர் துணைவரும் இது ஈமோகுளோபின் என்னும் பொருளின் அமைப்பில் நேர்ந்த வேறுபாடு என்று காட்டினர். 1952-இல் இலேமன், கட்புசு என்பார் நீலகிரி மலைவாழ்நரிடத்து இக்கூறு உண்டு என வெளியிட்டனர். இந்தியாவில் இது பற்றிய தொடக்ககால அறிக்கைகளுள் அஃது ஒன்று. நீலகிரியும் சத்தியமங்கலத்து மலைகளும் தொடர்ந்து கிடப்பன. இருளர் இருபுறத்தும் வாழ்கின்றனர். ஆதலின் தொலைவில் உள்ளதொரு நோயாக இதனைக் கொங்குநாட்டார் கருதுதற்கில்லை. இதனை ஒழித்தற்கு ஒன்றிய அரசு 2023 சூலை 1-இல் தொடங்கிய திட்டம் தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களுக்கு உரியது. 2047 என்பது அதன் எல்லை. 40 அகவைக்கு உட்பட்ட ஏழு கோடி மக்களின் குருதியை ஆய்ந்து, ஒவ்வொருவர்க்கும் அவர் நிலையைக் குறித்த அட்டை வழங்குதல் அதன் வழி.

அவ்வட்டையில் எழுதப்படும் சொற்கள் யாவை? அவை கேட்போர் உள்ளத்தில் எதனைத் தோற்றுவிக்கும்? இஃதே நம் வினா.

அரிவாள் என்பது நுண்பெருக்கியிற் கண்டார்க்கே பொருள்படும் உவமை. கதிர் அறுக்கும் கருவியைக் கையிற் கொண்டு வாழும் மலைமகட்கு அது தன் குழந்தையின் வலியோடு எவ்வகையிலும் இயையாது. சோகை என்பதோ தவறான வழியிற் செலுத்துவது. சோகை என்றவுடன் இரும்புச் சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் நினைவிற்கு வரும். இந்நோய் இரும்புச் சத்துக் குறைவால் வருவதன்று; அடிக்கடி குருதி ஏற்றப்பட்டார்க்கு இரும்பு மிகுதலே இடராகும். நோயின் தலையாய துன்பமாகிய வலியைப் பெயர் ஒருசிறிதும் கூறவில்லை. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்தலால் எலும்பிலும் மூட்டிலும் எழும் வலியே நோயுற்றார் அறிந்த நோய்.

மேலை ஆப்பிரிக்க மக்கள் இதனை வேறு வகையாகப் பெயரிட்டனர். கானா நாட்டு மொழிகளில் இந்நோய்க்கு வழங்கும் பெயர்கள், ஓயாது அரிக்கும் எலும்புவலியை ஒலிக்குறிப்பால் இரட்டித்துக் கூறுவன என அந்நாட்டு மருத்துவர் கானொட்டே-அகுலு எடுத்துக்காட்டினார். அவை தமிழ் இரட்டைக்கிளவியை நினைவூட்டும். வலியைக் கூறுதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இசிவு என ஒவ்வொரு வலிக்கும் ஒவ்வொரு பெயர் உண்டு. விண்விண் என்று தெறிக்கும் என்பதும் வழக்கு. இவ்வளவு வளமுடைய மொழி, அணுவின் வடிவைக் கூறும் பெயரொடு அமைந்துவிடல் வேண்டுவதில்லை. இருளரும் சோளகரும் ஊராளியரும் தம் மொழியில் இவ்வலியை எவ்வாறு கூறுகின்றனர் என்பதை மொழித்துறையார் மலையேறிக் கேட்டு எழுதுதல் முதற்பணியாம்.

இதனினும் இடர் மிக்கது ‘கடத்தி’ என்னும் சொல். தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூற்றைப் பெற்றவர் நோயுற்றாரல்லர். பொதுவாக நலமாகவே வாழ்வர். மலேரியாக் காய்ச்சலின் கடுமையினின்றும் அவர்க்கு ஓரளவு காப்பும் உண்டு. இருவரிடமிருந்தும் பெற்றவரே நோயுற்றவர். முன்னவரைப் பாடநூல்கள் கடத்தி என்று குறிக்கின்றன. மலேரியாவைப் பரப்பும் கொசுவும் அந்நூல்களில் நோய் கடத்தியே. கள்ளப் பொருளைக் கொண்டு செல்வோனும் உலக வழக்கிற் கடத்துபவனே. நலமாக உள்ள பெண்ணொருத்தியின் அட்டையில் இச்சொல் ஏறுமாயின், கொசுவின் பெயரும் குற்றவாளியின் பெயரும் அவள்மேல் ஏறுகின்றன. தொற்றுநோயைப் பரப்புபவள் என்று ஊரார் கொள்வர். மணம் பேசுங்கால் அவளை விலக்குவர். பிள்ளைக்கு நோய் கண்டால் தாயே கடத்தினாள் என்பர். இரண்டு பக்கத்தினின்றும் வந்தாலன்றி இந்நோய் பிள்ளைக்கு இல்லை என்னும் அடிப்படை உண்மையை அப்பெயர் அடியோடு மறைத்துவிடுகின்றது.

காணார், கேளார் என்னும் சாத்தனார் வழியைப் பின்பற்றி ஈண்டு ஒரு பெயரீட்டைக் கூறுவாம். கூற்றை ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரை ‘ஒருவழிப் பெற்றவர்’ என்றும், இருவரிடமிருந்தும் பெற்றவரை ‘இருவழிப் பெற்றவர்’ என்றும் வழங்கலாம். இரண்டும் வினையாலணையும் பெயர்கள், திணை கெடவில்லை. பெற்றவர் என்பதனால் அவர் செய்தது யாதுமில்லை என்பது விளங்கும். ஒருவழி, இருவழி என்பதனால் நோய் வரும் முறை தானே புலனாகும். ஒருவழிப் பெற்றவர் இருவர் மணப்பின், ஒவ்வொரு பேற்றிலும் பிள்ளை இருவழிப் பெற நாலில் ஒரு பங்கும், ஒருவழிப் பெற நாலில் இரு பங்கும், யாதும் பெறாதிருக்க நாலில் ஒரு பங்கும் வாய்ப்பு உண்டு. ஒருவழிப் பெற்றவர் பெறாதவரை மணப்பின் இருவழிப் பெறும் பிள்ளை இல்லை. இக்கணக்கைப் பள்ளி செல்லாதாரும் இப்பெயர்களைக் கொண்டே அறியலாம். தந்தை வழியும் ஒரு வழியே என்பதனால் பழி தாய்மேல் மட்டும் வீழாது. மூன்று அளவைகளும் இப்பெயரீட்டில் நிரம்புதல் காண்க.

7. தடையும் விடையும்

பெயரை மாற்றினால் நோய் மாறுமோ என்று வினவுவார் உளராயின், மாறாது என்பதே எம் விடை. ஐதராக்சியூரியா என்னும் மருந்தும், காலத்திற் செய்யும் குருதியாய்வும், மலையினின்றும் மருத்துவமனைக்கு விரைந்து வரும் ஊர்தியும் செய்யும் பணியைச் சொல் செய்யாது. ஆயின் ஓவாப் பிணியில் மருந்து ஒருநாட் பணியன்று. வள்ளுவர் கூறிய நான்கு உறுப்புக்களுள் மருத்துவன் திங்களுக்கு ஒருமுறை காண்பவன். எஞ்சிய நாளெல்லாம் நோயுற்றவரும் அருகிருந்து பேணுவோருமே மருத்துவத்தை நடத்துகின்றனர். அவர்கள் கையில் உள்ள கருவி அறிவு. அவ்வறிவை அவர்களிடம் கொண்டு சேர்ப்பது பெயர்.

மலைவாழ்நர் பலர்க்குத் தமிழ் தாய்மொழியன்று. அவர்க்குத் தமிழ்ப்பெயர் ஆக்குவதால் என் பயன் என்பது மற்றொரு தடை. அட்டையும் மருத்துவமனையும் பள்ளியும் தமிழில் நடக்கும்வரை, அவர்கள் எதிர்கொள்ளும் பெயர் தமிழ்ப்பெயரே. அதனைச் செம்மை செய்தல் தமிழார்வலர் கடன். பின்னர், ஒருவழி, இருவழி என்னும் கருத்து எம்மொழியிலும் எளிதிற் பெயர்க்கத்தக்கது; கடத்தி என்பதன் நச்சுப்பொருளோ பெயர்க்குந்தோறும் புதிதாக முளைக்கும்.

8. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், குறையைப் பகுதியாகக் கொண்ட பெயர் ஆளையே குறையாக்கும் என்பதும், வினையாலணையும் பெயர் குறையை அதன் எல்லையில் நிறுத்தும் என்பதும், இரண்டிற்கும் சான்று பழந்தமிழிலேயே உண்டு என்பதும் பெறப்பட்டன. ஓவாப் பிணிக்கு நோயின் இயல்பும் செய்யும் வழியும் உணர்த்தும் பெயர்கள் இன்னும் அமையவில்லை என்பதும், இன்சொல்லாக மட்டும் அமையும் பெயர் அக்குறையை நிரப்பாது என்பதும் காட்டப்பட்டன. தமிழ்த்துறையினர் மருத்துவத்துறையினரோடு அமர்ந்து இப்பெயர்களை ஒவ்வொன்றாக ஆய்தல் வேண்டும். சத்தியமங்கலத்து மலைவாழ் மக்களின் கையில் அட்டைகள் சேருமுன்னரே அவ்வாய்வு தொடங்குதல் நலம். ஒருமுறை அச்சேறி ஊரார் வாயிற் பழகிய பெயரைப் பின்னர் மாற்றுதல் எத்துணை அரிது என்பதைக் கிளவியாக்கம் பயின்றார் நன்கு அறிவர்.